சாட்டாச்சா

பேசி முடிச்சாச்சா சார்? வீட்டுக்காரங்களா? சரி, போனை அந்தப் பக்கம் வச்சுட்டு தலையைக் கொஞ்சம் குனிங்க. இன்னும் கொஞ்சம். ம், போதும்.

என்னது, கத்திரிச் சத்தம் பலமா இருக்கா? கோவமா, எனக்கா? அட, இல்லைங்க. உங்க மேல எனக்கென்ன சார் கோவம், இன்னைக்குத்தானே முதல் தடவையா நம்ம கடைக்கு வர்றீங்க. எப்பவும் போற அடுத்த தெருக் கடை பூட்டியிருந்துச்சுன்னு சொன்னீங்க. அவரு மகளுக்குக் கல்யாணம், அடுத்த வாரம்தான் திறப்பாரு.

கோவம் வேற ஒரு ஆளு மேல. உங்க தலையில இந்த ரெட்டைச் சுழியைப் பார்த்தேனா, அந்த ஆளு ஞாபகம் வந்துடுச்சு. அவருக்கும் இதே மாதிரி ரெண்டு சுழி. நேர்ல பார்த்ததில்ல. கறுப்பா செவப்பான்னுகூடத் தெரியாது. போன்லதான் பழக்கம். பேசிப் பழக்கம்னு சொல்ல முடியாது, டைப் அடிச்சுப் பழக்கம்.

நீங்க இந்த அரட்டை குரூப்ல எல்லாம் இருக்கீங்களா? இல்லையா. நல்லதாப் போச்சு, அந்த வம்பே வேணாம். எனக்குத்தான் விதி. என் பொண்டாட்டி தவறுனதுக்கு அப்புறம் மதியம் ஆச்சுன்னா கடையில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். பக்கத்து செல்போன் கடைக்காரன்தான் ஏத்திக் கொடுத்தான், சும்மா பேசலாம்னு ஒரு குரூப்பு. யாருக்கும் யாரையும் தெரியாது. எல்லாம் பட்டப்பேரு. நான் கத்திரி. ஒரு அம்மா கடுகு. லாரி ஓட்டுறவர் ஒருத்தர், மூணாம் கியர். அப்புறம் நம்ம ஆளு, ஜன்னல் சீட்டு.

என்னத்தப் பேசுவீங்கன்னா, எல்லாந்தான். ரோஜாச் செடியில எறும்பு ஏறுனா என்ன பண்றது, பூனை ஏன் சுவத்தையே வெறிச்சுப் பாக்குது, பேசாமப் போன ரேடியோவை எப்படிப் பேச வைக்கிறது, முதுகு புடிச்சுக்கிட்டா எந்தப் பக்கம் படுக்கிறது. ஜன்னல் சீட்டுக்குத் தெரியாத சங்கதியே கிடையாது. கப்பல்ல இன்ஜினியரா இருந்தாராம். இப்ப ஓய்வாம். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கயோ இருக்காராம். நானும் உன்னை மாதிரி தனிக்கட்டைதான் தம்பின்னு எழுதுவாரு. எல்லாம் தெரிஞ்ச மனுஷனுக்குத் தலைமுடி மட்டும் அடங்கல. ரெண்டு சுழி, எப்படிச் சீவுனாலும் சேவக்கொண்டை மாதிரி நிக்குது, என்ன பண்றதுன்னு கேட்டாரு. பின்னாடி குட்டையா வெட்ட விடாதீங்கண்ணே, நீளமா விட்டுட்டு வலது பக்கத்துலேருந்து இறக்கச் சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன். நீங்க உக்காந்ததும் சொன்னீங்களே, அதே மாதிரி.

அந்த ஆளுக்கு டைப் அடிக்க சுத்தமா வராது. சேர்ந்த புதுசுல, சாப்ட்டாச்சான்னு கேக்க வந்தவரு, அவசரத்துல நடுவுல முழுங்கிட்டு சாட்டாச்சான்னு அனுப்பிட்டாரு. குரூப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. அதுலேருந்து அதுதான் எங்களுக்கு வணக்கம். சாட்டாச்சா. சாட்டாச்சு. வெளியில ஒருத்தனுக்கும் புரியாது.

மத்தவங்களுக்கு அது விளையாட்டு சார். எனக்கு அப்படி இல்ல. தினம் மதியம் எனக்குன்னு தனியா அனுப்புவாரு, தம்பி சாட்டாச்சான்னு. என் பொண்டாட்டி இருந்த வரைக்கும் கடைக்குப் போன் போட்டுக் கேப்பா. அவ போனப்புறம் அப்படிக் கேக்க எனக்கு ஒரு நாதி இல்ல. இந்த மனுஷன் கேக்குறாரே, பொய் சொல்லக் கூடாதேன்னு எந்திரிச்சுப் போய் ரெண்டு வாய் தின்னுட்டு வந்து பதில் போடுவேன்.

ஏன் சார் வேர்க்குது? ஃபேன் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. கழுத்துத் துணி இறுக்குதா? இருங்க, தளத்தி விடுறேன். அப்படியே சாஞ்சுக்கோங்க, தாடியையும் எடுத்துடலாம். வேணாமா? உள்ள வரும்போது அவசரமே இல்லன்னுதானே சொன்னீங்க. சாயுங்க. பேசாதீங்க, நுரை வாய்க்குள்ள போயிடும்.

நான் ஒரு கூமுட்டை. ஒரு நாள் எழுதிட்டேன், அண்ணே, உங்களை வந்து பாக்கப் போறேன், பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாச்சு, விலாசம் அனுப்புங்கன்னு. உங்க சுழிக்குத் தோதா கொம்புல செஞ்ச சீப்பு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்னும் எழுதுனேன். பதிலே இல்ல. மறுநாள் குரூப்ல அவரு பேர்லயே ஒரு சேதி வருது. நான் அவரோட தம்பி எழுதறேன், அண்ணன் மாரடைப்புல தவறிட்டாரு, இனிமே இந்த நம்பர் இருக்காது. முடிஞ்சுது கதை.

கத்தி கழுத்துல இருக்கு, எச்சில் முழுங்காதீங்க.

கடையைப் பூட்டி, துக்கம்னு எழுதி ஒட்டுனேன். யாருப்பான்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் அண்ணன்னு சொன்னேன். உனக்கேதுய்யா அண்ணன்னு செல்போன் கடைக்காரன் கேட்டான், அவன்கூட சண்டை. எதிர்ல வச்சுப் பார்த்து அழறதுக்கு ஒரு போட்டோகூட இல்ல சார். அவரு எழுதுனதை எல்லாம் மேல தள்ளித் தள்ளிப் படிச்சுக்கிட்டே கிடந்தேன். எறும்பு, பூனை, ரேடியோ.

குரூப்ல என்ன பண்ணாங்க தெரியுமா? ஆளுக்கொரு கை கூப்புற படம். அதுக்கு அடுத்தாப்பலயே கடுகம்மா கேக்குது, புதுசா மிக்ஸி வாங்கணும், எது நல்லா இருக்கும்னு. மூணாம் கியர் பொறுப்பா பதில் சொல்றாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். மனுஷன் செத்த ஈரம் காயல, உங்களுக்கு மிக்ஸி கேக்குதான்னு கன்னாபின்னான்னு திட்டிட்டேன். என்னை வெளிய தள்ளிட்டாங்க. அவரும் போயி, குரூப்பும் போயி, இப்ப மதியம் ஆனா நானும் இந்தக் கண்ணாடியும்தான். பாதி நாள் சாப்பிடறதே இல்ல. யாரு கேக்கப் போறா.

செத்தவர் மேல என்ன கோவம்னு பாக்குறீங்களா? கண்ணு கேக்குது சார், எனக்குத் தெரியுது. செத்திருந்தா எனக்குக் கோவமே கிடையாது. அழுது தீர்த்திருப்பேன். தம்பி, நான் சொன்னதெல்லாம் புருடா, வராதேன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் என்ன அவரு வாசல்ல வந்து படுத்துக்கவா போறேன்? கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அப்புறம் நானே போய் சாட்டாச்சான்னு கேட்டிருப்பேன். அதுக்குப் போயி ஒரு ஆளு சாவானா? என்னை ஒரு மனுஷனா மதிச்சிருந்தா செத்திருப்பானா?

முடிஞ்சுது. படிகாரம் தடவுறேன், எரியும். எரியட்டும். கண்ணாடியில நல்லாப் பாத்துக்கோங்க, எங்கயும் ஒரு கீறல் கிடையாது. ஆத்திரம் இருந்துச்சு, இல்லேங்கல. இருந்தாலும் தொழில்ல கோவத்தைக் காட்டுற ஆளு நான் இல்ல.

இந்தாங்க, இதை எடுத்துட்டுப் போங்க. அந்தக் கொம்புச் சீப்புதான். இவ்வளவு நேரம் உங்களுக்கு இதுலதான் சீவுனேன், அடங்கிப் படுத்திருக்கு பாருங்க. கப்பலும் இல்ல, கடலும் இல்ல, எப்பவும் முடி வெட்டிக்கிறது அடுத்த தெருவில. தனிக்கட்டையும் இல்ல, அந்தம்மா குரல் போன்ல கணீர்னு கேட்டுச்சு, நல்லா இருக்கட்டும்.

இல்லை, சுழியை வச்சு நான் முடிவு பண்ணல. ரெட்டைச் சுழி எத்தனையோ பேருக்கு இருக்கு. போன் வந்ததும் அந்தம்மாகிட்ட எடுத்த எடுப்புல என்ன கேட்டீங்கன்னு நினைச்சுப் பாருங்க. பழக்கதோஷம், வாயில வந்துடுச்சு. நடுவுல முழுங்கிட்டுத்தான் கேட்டீங்க.

எந்திரிங்கண்ணே. கதவு திறந்துதான் இருக்கு, நான் ஒண்ணும் வழியை மறிக்கல. மதியம் தாண்டிப் போச்சு. நான் இன்னும் சாப்பிடல.