நஞ்சப்பன் பெயரில் ஏறும் பில்கள்

திருப்பூர் நீதித்துறை நடுவர் முன்பு, பெருமாநல்லூரைச் சேர்ந்த சிவசுப்பிரமணியம் மகன் தரணீதரன், வயது 36, கொடுத்த வாக்குமூலம். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறீர்களா என்று கேட்டதற்கு ஆம் என்றார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தப்பட்டது.

நான் மேற்படி ஊரில் ஆறு தையல் மெஷின் போட்டு, பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்து வருகிறேன். லிங்கசாமி என்பவரின் ஏற்றுமதி கம்பெனி வெட்டிய துணியைக் கொடுக்கும், நாங்கள் தைத்துக் கொடுத்துக் கூலிக்கு பில் போடுவோம். பக்கத்து ஷெட்டில் நஞ்சப்பனும் அதே கம்பெனிக்குத் தைத்து வந்தார். துணி வருவதற்கு முன்பே பில் போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். ஆர்டர் கேன்சல் ஆனால் பில்லைக் கிழித்துப் போட்டுவிடுவோம். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

போன வருடம், இனி எல்லா பில்லும் பிளாக்செயின் ஆப்பில்தான் என்று கம்பெனியில் சொன்னார்கள். நாங்கள் பில் ஏற்றி, கம்பெனி அதை ஒப்புக்கொண்டதும், ஒரு ஃபைனான்ஸ் நிறுவனம் எங்கள் கணக்கில் உடனே பணம் போட்டுவிடும், கம்பெனி அவர்களுக்குப் பிறகு கட்டும். ஏற்றிய பில்லின் நகல் பல கம்ப்யூட்டர்களில் இருப்பதால் யாராலும் மாற்ற முடியாது என்றார்கள். ஆப்பைப் போட்டுக் கொடுத்தவர் கணக்கு மேனேஜர் ராபின். "பிரம்மனே வந்தாலும் அழிக்க முடியாது அண்ணாச்சி" என்றார். அதற்கு நஞ்சப்பன், "அப்ப தப்பாப் போட்டுட்டா யாருங்க உள்ள போறது, பிரம்மனுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு ஆளுக்குப் பன்னிரண்டு ரகசியச் சொற்கள் வந்தன. அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ, அவர் எந்த போனிலிருந்தும் அந்த ஆளின் பெயரில் பில் ஏற்றலாம், அதுவே அந்த ஆளின் கையெழுத்து. "நீங்க தொலைச்சிருவீங்க, எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று ராபின் அனைவருடையதையும் வாங்கி வைத்துக்கொண்டார். கொடுத்துவிட்டோம். கொடுக்காவிட்டால் துணி வராது.

அதன் பிறகு துணி வராமலே பில் ஏற்றச் சொன்னார்கள். பழைய வழக்கம்தானே என்று ஏற்றினோம். வந்த பணத்தைக் கம்பெனி சொன்ன கணக்குக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். துணி கடைசிவரை வரவில்லை. பில்லைக் கேன்சல் செய்யக் கேட்டபோது ஆப்பில் அதற்கு இடமில்லை என்றார்கள். தைக்காத பனியனுக்கெல்லாம் எங்கள் கையெழுத்து இருந்தது. பணம் முதலாளிக்கு, ஜெயில் எங்களுக்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு நஞ்சப்பன், ஃபைனான்ஸ் நிறுவனத்தில் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகக் கம்பெனியிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் காலை, லிங்கசாமி பேசக் கூப்பிடுகிறார் என்று, போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு மொபெட்டில் போனார். திரும்பி வரவில்லை. நான் தேடிப் போனபோது மொபெட் கம்பெனி ஷெட்டில் நின்றது. நடந்தே போய்விட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார். நஞ்சப்பனின் செருப்பு மொபெட்டின் மேலேயே இருந்தது.

அதன் பிறகு அவர் மனைவி மருதாளும் நானும் காவல் நிலையத்துக்குக் கிளம்பும்போது, மருதாள் கையிலிருந்த நஞ்சப்பனின் போன் ஒலித்தது. அவர் பெயரில் புதிதாக ஒரு பில் ஏறியிருந்தது. "இருக்கறாருங்க, எங்கியோ இருக்கறாருங்க" என்று மருதாள் அழுதார்.

காவல் நிலையத்திலும் அதையே சொன்னார்கள். "உங்க ஊட்டுக்காரர் நல்லாத்தாம்மா இருக்காரு. பில்லு போட்டிருக்காரு பாரு. இதெல்லாம் யாரும் மாத்த முடியாதாம்" என்றார் அங்கிருந்தவர். ரகசியச் சொற்கள் ராபினிடம் இருப்பதை நான் சொன்னபோது எழுதிக்கொள்ளவில்லை. புகாரும் வாங்கவில்லை. அதன் பிறகும் நஞ்சப்பன் பெயரில் பில்கள் ஏறின. தீபாவளிக்குத் திருப்பூரே பூட்டிக் கிடந்தபோதும் ஒன்று ஏறியது. மருதாள் அந்த போனை அணையவிடாமல் வைத்திருக்கிறார்.

அதன் பிறகு லிங்கசாமி என் ஷெட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "ஏங்கண்ணு, மருதா ஊட்டுப் பக்கம் அடிக்கடி போறீங்களாமா? ரோடெல்லாம் டிப்பர் லாரிங்க. பாத்துப் போங்க" என்றார். என் ஆட்களுக்கெல்லாம் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் மெஷின்களை நிறுத்தச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்கிறேன். "இப்பிடி நிறுத்துனா பீஸ் ரேட்டு யாருங்ணா குடுக்கறது?" என்று டெய்லர் சித்ராதேவி சத்தம் போட்டார். என் மனைவி சண்முகப்பிரியாவைக் கொமரலிங்கத்தில் அவர் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் வக்கீல் மூலம் இந்த நீதிமன்றத்துக்கு வந்தேன்.

நான் ஏற்றிய பொய் பில்களுக்கு என் மீதும் வழக்கு வரும் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். என்னைக் கைது செய்வதானால் இன்றே செய்துகொள்ளலாம். வீட்டுக்குப் போவதைவிட அது பரவாயில்லை. என் சொற்களும் ராபினிடம்தான் இருக்கின்றன. நாளை என்னைக் காணவில்லை என்று சண்முகப்பிரியா வந்து நின்றால், என் பெயரில் பில் ஏறியிருக்கிறது, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அவ்வளவும் உண்மை. பேனா பிடித்து, நடுவர் பார்க்க, நானே போடும் கையெழுத்து இது.

(ஒப்பம்) சி. தரணீதரன்