தாசில்தார் ஃபக்ருன்னிசா வைத்த முத்திரை

மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, தாண்டிக்குடியிலிருந்து கொட்டும் மழையில் கொடைக்கானல் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, வருவாய்த் துறைத் தோழர்களே, வணக்கம். ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஃபக்ருன்னிசா அம்மையார் நம்மை விட்டுப் போய்விட்டார். நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அவரிடம் வேலை பார்த்தவன் இந்தச் சிவமுருகன் என்று சொல்லும்போது தலை தானாக நிமிர்கிறது!

பொறுப்பேற்ற அன்றே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தாசில்னா அரபியில வசூல். தார்னா பாரசீகத்துல அத வச்சிருக்கவர். வசூல் பண்றவருக்குத்தான் அந்தக் காலத்துல இந்தப் பேரு. ஆட்சிங்கறது பின்னால தமிழ்ல வந்து சேந்துச்சு. அதனால யாரும் ரொம்ப வெறச்சுக்கிட்டு நிக்காதீங்க."

வசூல் என்றால் சும்மாவா? கட்டாதவர் வீட்டை ஜப்தி செய்து, கதவில் அரக்கு முத்திரை வைப்பவரும் தாசில்தார்தானே! அந்தப் பெயரைக் கேட்டாலே மலைச்சனம் நடுங்கியது.

ஓர் ஐப்பசி மழையில் தாண்டிக்குடிக்குக் கீழே மலைச்சரிவில் வெடிப்பு கண்டிருந்தது. அதன் அடியில் ஐந்து குடும்பங்கள். இறங்க மறுத்தார்கள். இதோ, முன்வரிசையில் இருக்கும் கந்தம்மாள் அன்று வாசலை மறித்து நின்றார்.

"எங்ககிட்ட பட்டா இல்ல, நாங்க எறங்குனா பக்கத்து எஸ்டேட்டுக்காரன் வெரசா வேலி போட்ருவான் தாயி. அப்புறம் எங்க போயி நிக்க?"

"அதிகாரம் இருக்குல்ல மேடம், தூக்கி வண்டியில ஏத்திருவோமா?" என்றார் ஒரு காவலர்.

"அவங்க மலைக்குப் பயப்படலப்பா, வேலிக்குப் பயப்படுறாங்க" என்றார் அம்மையார். அரக்கை உருக்கச் சொன்னார். ஐந்து கதவிலும் தம் கையாலேயே முத்திரை வைத்தார். "இனி இதத் தொடுறவன் என்னையக் கேட்டுத்தான் தொடணும். இப்ப வாங்க தாயி."

குடும்பங்களை வெளியே தள்ளும் முத்திரை, அன்று அவர்கள் வீட்டுக்குக் காவல் நின்றது! இப்படி ஒரு தாசில்தாரை எங்கே கண்டோம்?

மறுநாள் சரிவு இறங்கியது. வீடுகள் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை! வேலி போட வந்தவர்களை, "இது அரசுக் காவலில் இருக்கிற இடம்" என்று தனி ஆளாகத் தடுத்தார். மேலிடம் விளக்கம் கேட்டது; அசையவில்லை. ஐந்து குடும்பங்களுக்கும் மாற்று இடத்தில் பட்டா கொடுத்த பிறகுதான் ஓய்ந்தார்.

அவர் இருந்த நாற்காலியில் இன்று நான் இருக்கிறேன். பக்கத்துச் சரிவிலும் இப்போது வெடிப்பு கண்டிருக்கிறது. அங்கே குடியிருக்கும் பொன்னுத்தாய் இறங்க மாட்டேன் என்கிறார். "நானும் வாரேன்யா, நான் சொன்னா அவ கேப்பா" என்று கந்தம்மாள் சற்று முன் என்னிடம் சொன்னார். அம்மையாருக்கு இதைவிடவா ஓர் அஞ்சலி வேண்டும்? அவர் தொடங்கிய பணியை நாங்கள் விடமாட்டோம். என் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுந்திருங்கள் கந்தம்மா, ஜீப் வெளியே நிற்கிறது.