இன்னும் அவிழ்க்காத கல்யாணப் பந்தல்

"எம்மக கல்யாணப் பந்தல்லதான் நாளைக்கு எங்க தெருவே ஓட்டுப் போடுது" என்றாள், பூம்பாறைப் பேருந்தில் பூண்டு மூட்டைமேல் கால் வைத்திருந்த பெண். இடமில்லாமல் அருகில் நின்றிருந்தேன்.

"என்னக்கா சொல்றீங்க?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"வார்டைப் பிரிச்சு எங்க தெருவுக்குத் தனி வாக்குச்சாவடி குடுத்தாங்க. கட்டடம் இல்ல. கொட்டகை போடப் பணம் வரலியாம். எலக்சன் வேலையா வந்த சாரு, பந்தலை ரெண்டு நாள் அவுக்காதீங்கன்னு கேட்டாரு."

"வாடகை வாங்காம சும்மாவா விட்டீங்க?"

"சும்மாதான். நேத்தே புருசன் வீட்டுக்குப் போக வேண்டிய புள்ள, ஓட்டுப் போட்டுட்டுத்தான் கெளம்புவேன்னு உக்காந்துட்டா. எனக்கு ரெண்டு நாள் கூடக் கெடச்சிருச்சுல்ல."

"மாப்பிள்ளை கோவிக்கலியா?"

"அவரா? வெள்ளனே எந்திரிச்சுப் பூண்டு உரிக்கிறாரு. இன்னிக்கு ராத்திரி ஓட்டு மெஷினோட வர்றவங்களுக்கும் சேத்துச் சமைக்கணுமாம்."