டிரில் மாஸ்டரின் முறைப்பு

மாமியார்: ஏன் மாப்பிள்ளை, மாமாவைச் சுவரைப் பாத்துத் திருப்பி வச்சிருக்கீங்க?

மாப்பிள்ளை: பெயிண்ட் காயுது அத்தை.

மாமியார்: முகத்துலதானே பெயிண்ட் அடிச்சீங்க? முகம் சுவத்துல முட்டிக்கிட்டு நின்னா எப்படிக் காயும்?

மாப்பிள்ளை: காத்து... எல்லாப் பக்கமும்தான் வருது.

மகள்: சும்மா சொல்றார்மா. சட்டைக் காலருக்கு அடிக்கும்போதும் இப்படித்தான், முதுகு இந்தப் பக்கம், முகம் அந்தப் பக்கம். கண்ணு வரைஞ்சதுலேருந்து இந்த ரூம்ல சிகரெட்டே பத்த வைக்கிறதில்லை.

மாப்பிள்ளை: நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?

மாமியார்: உள்ளங்கைல அடங்குற சிலை. நெஞ்சோட நின்னுபோச்சு, கைகூட இல்லை. இதுக்குப் போயா...

மாப்பிள்ளை: அவர் எப்ப அத்தை யாரையும் கையால அடிச்சார்? எல்லாம் கண்ணாலதானே.

மாமியார்: சரி, திருப்புங்க. பாக்கறேன்.

மாப்பிள்ளை: மெதுவா... சிலையைத் தொடாதீங்க, அடியில ஒட்டியிருக்கிற பாட்டில் மூடியைப் பிடிங்க. அப்படித்தான்.

மாமியார்: ...

மாப்பிள்ளை: அத்தை?

மாமியார்: ஒண்ணுமில்லை. துண்டு எங்கன்னு கேட்டுடுவாரோன்னு இருந்துச்சு.

மகள்: தாடையைப் பாரும்மா. காலைல ஷேவ் பண்ணி, சாயங்காலம் லேசா முளைச்ச மாதிரி. எப்படிங்க?

மாப்பிள்ளை: தோல் நிறத்துல துளி நீலம், துளி சாம்பல். தண்ணியாக் கரைச்சு ஒரு பூச்சு, காய்ஞ்சதும் இன்னொண்ணு. காது நுனிக்குக் கொஞ்சம் சிவப்பு. போட்டோல என்ன இருக்கோ அதைத்தான் போட்டேன்.

மாமியார்: எந்த போட்டோ?

மாப்பிள்ளை: எங்க கல்யாண போட்டோ. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எடுத்தது. அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிசு பண்ணிக்கிட்டேன்.

மாமியார்: அப்ப இந்த முறைப்பு...

மாப்பிள்ளை: என்னைப் பாத்து முறைச்சதுதான். அதைத் தினமும் பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டு, ஒத்தை முடி பிரஷ்ஷால திரும்ப வரையறேன் பாருங்க, யாருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்.

மகள்: பாவம்.

மாப்பிள்ளை: அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? ஸ்கூல்காரங்க சாயங்காலம்தானே வர்றாங்க. அதுக்குள்ள இமையைக் கொஞ்சம் மேல தூக்கி, புருவத்துக்கு நடுவுல இருக்கிற கோட்டை லேசாக்கிட்டா...

மாமியார்: ஆக்கிட்டா?

மாப்பிள்ளை: சாந்தமா இருப்பார். உயிரோட இருந்தவரை என்னை ஒரு தடவைகூட அப்படிப் பாத்ததில்லை. சிலையாவது பாக்கட்டுமேன்னு...

மாமியார்: நல்லா இருக்கே. பழைய பசங்கல்லாம் சேர்ந்து, கோப்பை வைக்கிற அலமாரில டிரில் மாஸ்டர் சிலை வேணும்னு கேட்டது எதுக்கு? அவர் சிரிப்பழகைப் பாக்கவா? அந்தக் கோடியில நின்னு அவர் முறைச்சா, இந்தக் கோடியில பையன் கால் தானா ஓடும். நீங்களே அவர்கிட்ட படிச்சவர்தானே?

மாப்பிள்ளை: ஆமா. அன்னைக்கு ஓட ஆரம்பிச்சேன்... இன்னும் நிக்கலை.

மகள்: கண்ணைத் தொடாதீங்க. அப்பான்னா அந்தக் கண்ணுதான்.

மாப்பிள்ளை: சரி, தொடலை. இன்னொரு சந்தேகம். மூக்குமேல ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு தடம் இருக்கு. போட்டோல கறைன்னு நினைச்சேன். ஆனா ரெண்டும் ஒரே அளவு, ஒரே இடம். லேசா சிவந்து, நடுவுல பள்ளமா... இதோ, போட்டிருக்கேன் பாருங்க.

மாமியார்: அதை அழிச்சுடுங்க.

மாப்பிள்ளை: என்ன அத்தை அது?

மாமியார்: அது... விசில் ஊதி ஊதி வந்தது.

மாப்பிள்ளை: விசிலை வாயிலதானே ஊதுவாங்க? ஏய், நீ எதுக்கு ஜன்னலைப் பாத்துச் சிரிக்கிற?

மகள்: நானா? இல்லையே.

மாப்பிள்ளை: இந்தத் தடத்தை எங்கயோ பாத்திருக்கேன். எங்க ஆபீஸ் கணக்கர் மத்தியானம் முகம் கழுவிட்டு வருவார், அப்ப அவர் மூக்குல... அத்தை, மாமா கண்ணாடி போடுவாரா?

மாமியார்: மெதுவாப் பேசுங்க.

மாப்பிள்ளை: யாருக்குக் கேக்கப் போகுது? போடுவாரா?

மாமியார்: ...சோடாபுட்டி. பத்தடி தள்ளி நிக்கிறது ஆளா ஆணியான்னு தெரியாது அவருக்கு.

மாப்பிள்ளை: என்ன சொல்றீங்க!

மகள்: வீட்டுல மட்டும் போடுவார். காலிங் பெல் அடிச்சாப் போதும், கழட்டித் தலையணைக்கு அடியில போட்டுடுவார்.

மாமியார்: டிரில் மாஸ்டர் சோடாபுட்டி போட்டா பசங்க மதிப்பாங்களா? போடாமப் போனார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தார். முறைக்கிறார்னு ஸ்கூலே நடுங்குச்சு. ஒரு கட்டத்துக்கு மேல அதையே வச்சுக்கிட்டார்.

மாப்பிள்ளை: அப்ப அந்த முறைப்பு...

மாமியார்: யாருன்னு தேடறது. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை: இருங்க... தலை சுத்துது. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல என்னைத் தாண்டிப் போய், பக்கத்துல நின்ன பியூன் கையைக் குலுக்கிட்டுப் போனாரே? "என் பொண்ணைப் பாத்துக்கோங்க"ன்னு வேற சொன்னார். எனக்குச் செஞ்ச அவமானம்னு இத்தனை வருஷமா நெஞ்சுல வச்சிருக்கேன்.

மாமியார்: நீங்கன்னு நினைச்சுட்டார் மாப்பிள்ளை. படி ஏறும்போதுதான் கண்ணாடியைக் கழட்டி என் கைப்பைல போட்டார். போட்டோ வந்தப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சது. மனுஷனுக்குச் சோறு இறங்கலை.

மகள்: அந்த பியூனும் "சரிங்க, பாத்துக்கறேன்"னு சொன்னார்.

மாப்பிள்ளை: நீ பேசாத. உனக்குத் தெரியும், இல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

மகள்: எதுக்குச் சொல்லணும்? "அப்பா வர்றார்"னா சிகரெட் அணையும். "அப்பா கேட்டார்"னா நேரத்துக்கு வீட்டுக்கு வருவீங்க. கெட்டதா நடந்துச்சு?

மாமியார்: என் பொண்ணைக் குரலை உசத்திக்கூட நீங்க ஒரு சொல் சொன்னதில்லை. நல்லா இருக்கிறதை நான் ஏன் கெடுக்கணும்?

மாப்பிள்ளை: அம்மாவும் பொண்ணும் சேர்ந்து... அடேயப்பா. ஒரு மனுஷன் சோடாபுட்டியை மறைச்சு ஒரு குடும்பத்தையே நடத்தியிருக்கீங்க.

மகள்: கோபமா?

மாப்பிள்ளை: கோபப்படக்கூட பயமா இருக்கு. அவர் பாத்துக்கிட்டு இருக்கார்... இல்லை, பாக்கவே இல்லை. பாக்கவே இல்லை, இல்ல அத்தை? அவர் என் முகத்தைப் பாத்ததே இல்லையா? அவர் முகத்துல எந்த மயிர்க்கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இடது புருவத்துல ஒரு சின்ன வெட்டு. கீழ் உதட்டுல ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பு. அவருக்கு என் முகத்துல எதுவுமே தெரியாதா?

மாமியார்: போட்டோலயாவது பாக்கலாம்னா எல்லாத்துலயும் நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க. ஒருநாள் என்கிட்ட ரகசியமாக் கேட்டார்... "மாப்பிள்ளைக்கு மீசை இருக்கா, இல்லையா?"

மகள்: அம்மா, இதை நீ என்கிட்டகூடச் சொல்லலையே.

மாமியார்: கிட்ட வந்தா நல்லாத் தெரியும் அவருக்கு. ஒரு முழத்துக்குள்ள வந்துட்டா ஊசியில நூல் கோப்பார். இவர்தான் வாசல்படி தாண்டினதும் மூலையில இருக்கிற நாற்காலியைத் தேடுவாரே.

மாப்பிள்ளை: கிட்ட கூப்பிட்டிருக்கலாம்ல?

மாமியார்: மாணவனாச்சே. உங்க முன்னாடி கண்ணாடி போட அவருக்கு வெக்கம். கிட்ட வர உங்களுக்கு பயம். நடுவுல நான் என்ன பண்ண?

மாப்பிள்ளை: ...சரி. மணியாகுது. இந்தத் தடத்தை என்ன பண்ணட்டும்? அழிச்சுடட்டுமா?

மாமியார்: வேண்டாம்... இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் மங்கலாக்கி விட்டுடுங்க. தூரத்துல நிக்கிறவங்களுக்கு முறைக்கட்டும். கிட்ட வந்து பாக்கறவங்க தெரிஞ்சுக்கட்டும்.

மகள்: அப்பா திட்டுவார்.

மாமியார்: திட்ட மாட்டார். கடைசியில அவரே மனசு மாறிட்டார்டி. படுக்கையில விழறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி... நீகூட வந்திருந்தியே. "மாப்பிள்ளையை வரச் சொல்லு. இன்னைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டே உக்காந்து பேசறேன், என்ன நினைச்சா நினைச்சுட்டுப் போறார்"ன்னார்.

மகள்: எனக்கு ஞாபகம் இருக்கு. காரணம் சொல்லாம இவரைக் கூப்பிடச் சொன்ன.

மாமியார்: சட்டைப் பைல கண்ணாடியை வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னார். உள்ள வந்தப்புறம்தான் போடுவாராம், தெருவுல போட மாட்டாராம். இருட்டுற வரைக்கும் நின்னார். நீங்கதான் ஆபீஸ்ல வேலைன்னு போன்ல சொல்லிட்டீங்க. உள்ள வாங்கன்னா கேக்கலை. "தெருமுனைல ஏதோ நிழலாட்டம் ரொம்ப நேரமா நிக்குது, நம்ம மாப்பிள்ளையா இருக்குமோ, பாரு"ன்னார். நான் கைவேலையா இருந்தேன். "அவர் ஆபீஸ்ல இருக்கார், அது வேற யாரோ"ன்னு சொல்லிட்டேன். "அப்ப சரி"ன்னு உள்ள வந்து படுத்துட்டார்.

மகள்: என்னங்க... ஏன் பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டீங்க?

மாப்பிள்ளை: அன்னைக்கு ஆபீஸ்ல வேலை எதுவும் இல்லை அத்தை. தெருமுனை வரைக்கும் வந்து, அங்கேருந்துதான் போன் பண்ணேன். வாசல்ல நின்னு முறைச்சுக்கிட்டு இருந்தார்... திரும்பிப் போயிட்டேன்.