கொடியில் தொங்கும் சும்மாடு

— அதான் கேக்குறேன். சும்மாட்டுத் துணி மூணு வாரமா கொடியிலயே தொங்குது. தலையில என்னத்த வெச்சு கல்லு சுமக்குற?

— வந்து உக்காந்ததும் ஆரம்பிச்சிட்டீங்களா? வேற துணி இருக்கு.

— எங்க, காட்டு.

— வேலை எடத்துலயே விட்டுட்டு வந்துட்டேன்.

— இருபது வருஷம் எனக்குச் சித்தாளா நின்னவ நீ. ஒரு நாள் விட்டுட்டு வந்திருக்கியா?

— போலீஸ்ல சேந்துட்டீங்களா என்ன? டீ ஆறுது, குடிங்க.

— கையக் காட்டு. கட்டைவிரல் அடியில காப்பு காய்ச்சிருக்கு. அது கல்லு சுமந்தா வராது, கலவை பூசுற கரணை புடிச்சா காய்க்கிற எடம்.

— கைய விடுங்க.

— சொல்லு.

— கோவப்பட மாட்டீங்களே?

— அது நீ சொல்றதப் பொறுத்து.

— அப்ப சொல்லல.

— சரி, சரி... படல.

— ரோட்டு முனையில நின்னா வாரத்துல மூணு நாள்தான் கூப்பிடுறாங்க, அந்த வேலை மையத்துல ஆறு நாளும் வேலை வருதுன்னு நீங்கதானே அனுப்புனீங்க?

— ஆமா. சித்தாளுன்னு பதியச் சொன்னேன்.

— பேரு எழுதுற பொண்ணு, 'என்ன வேலை தெரியும்'னு கேட்டா. சித்தாளுன்னேன். 'வேற என்ன தெரியும்?'னா. இதுவரைக்கும் யாரும் என்னை அப்படிக் கேட்டதே இல்லீங்க... வாய் தவறி, செங்கல் கட்டுவேன்னுட்டேன்.

— வாய் தவறி!

— சிரிக்காதீங்க. பின்னாடி கூட்டிட்டுப் போயி அஞ்சு வரி கட்டச் சொன்னாங்க. அங்கிருந்த மேஸ்திரி செவுரு நேரா நிக்குதான்னு தூக்குக்குண்டு விட்டுப் பாத்தாரு. ஒரு நூல் பிசகல.

— பிசகாது.

— என்ன?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

— கொத்தனாருன்னே பதிஞ்சிட்டாங்க. கூலி ரெண்டு மடங்கு. பேரமே கிடையாது, பலகையில எழுதிப் போட்டதுதான். உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல.

— ஏன்?

— 'பொண்டாட்டியும் கொத்தனாராம்'னு நாலு பேரு சிரிச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்?

— போன வருஷம் எனக்கு முதுகு புடிச்சப்ப அந்த மாடிச் செவுர எழுப்புனது யாரு?

— மெதுவா... பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும்! அந்த வீட்டுச் சொந்தக்காரர் என் தோளத் தட்டி, 'சுத்தமான வேலை'ன்னாரு. நானும் பல்ல இளிச்சிக்கிட்டு நின்னேன். அன்னையிலேர்ந்து மனசு உறுத்துது.

— அதை விடுங்க. என் பயமே வேற. பாரத்துல ஒரு கொத்தனாரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்னாங்க. நான் யாருகிட்ட போயி நிப்பேன்? அந்த எடத்த வெறுமனே விட்டுட்டு வந்துட்டேன். மறுநாளே அட்டை கொடுத்துட்டாங்க. எப்பக் கண்டுபிடிச்சுப் புடுங்குவாங்களோன்னு தினம் பக்கு பக்குங்குது.

— அட்டையத் திருப்பிப் பாத்தியா?

— கசங்கிடும்னு உறையை விட்டே எடுக்கல.

— எடு. பின்பக்கம், முத்திரைக்குக் கீழ.

— இது... இது உங்க கோணக் கையெழுத்துல்ல?

— அந்த மேஸ்திரி எனக்குப் பழக்கம், அன்னைக்கு சாயங்காலமே அவரு சொல்லி ஓடுனேன்டி. நீயா சொல்லட்டும்னுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். 'என் பேருல நிக்கிற செவுத்துல பாதி இவ கட்டுனது'ன்னு அத்தனை பேரு முன்னாடியும் சத்தமா சொல்லிட்டுத்தான் பாரத்துலயும் இந்த அட்டையிலயும் போட்டேன்.