சிவப்புப் பசை

பாட்டில் மூடி சரியாக மூடாமல் இருந்தால் எனக்கு மனசு ஒரு நிலையில் இருக்காது. காபித்தூள் பாட்டில், சர்க்கரை டப்பா, மாத்திரைக் குப்பி, எதுவானாலும் சரி, படுக்கப் போகும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிவிட்டுத்தான் போவேன். காலையில் தங்கச்சி அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள். "அண்ணா, இதைக் கொஞ்சம் திறந்து குடேன்." நான் போய்த் திறந்து கொடுப்பேன். பதினேழு வருஷமாக எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது.

இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று பார்க்கிறீர்கள். நேற்று நீங்கள் என்னிடம், "ஸ்பானர் எங்கேய்யா?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி, ஐயா. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மூடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு இருபத்திரண்டு. குளிர்கிடங்கில் ஃபிட்டராகச் சேர்ந்து அவளைப் படிக்க வைத்தேன். அதே கிடங்கில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நானே கட்டியும் கொடுத்தேன். தனி வீடு பார்க்கலாமா என்று மாப்பிள்ளை ஒருமுறை இழுத்தார். இவ்வளவு பெரிய வீடு இருக்கும்போது எதற்கு என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. நின்றது என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கொஞ்சம் கிண்டல் ஜாஸ்தி. "மச்சானுக்கு எல்லா மரையும் டைட்டு, மண்டைக்குள்ள இருக்கிற ஒண்ணைத் தவிர" என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார். தங்கச்சியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒருநாள் அவர் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எதுக்கு எல்லாத்துக்கும் அண்ணனைக் கூப்பிடுற? மூடியைச் சுடுதண்ணில கொஞ்ச நேரம் பிடி. சூடு பட்டா தானா விட்டுக் குடுத்துடும்."

மறுநாள் காலையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. காபி வாசனை வரும்வரை படுக்கையிலேயே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வயிறு எரிந்தது, ஐயா. ஒளிப்பானேன்.

யாரையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை நான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்? நான் கூடத்துக்கு வந்தால் அவருடைய போன் பேச்சு பாதியில் நிற்கும். பரணிலிருந்து பெட்டிகள் இறங்கின. துடைத்து வெயிலில் வைத்திருந்தார்கள். இரண்டு பெட்டி. என்னுடையது பரணிலேயே தூசியோடு இருந்தது. துவைக்கப் போடும் முன் அவர் சட்டைப் பையைப் பார்ப்பது என் வழக்கம். அதில் மாற்றல் உத்தரவு இருந்தது. வேறு ஊர்க் கிடங்கு, வரும் புதன்கிழமை. வீட்டில் யாரும் என்னிடம் மூச்சு விடவில்லை.

என் தங்கச்சி வாயில்லாப் பூச்சி. அவர் இழுத்த இழுப்புக்குப் போகிறவள். அவள் சார்பில் யாராவது யோசிக்க வேண்டியிருந்தது.

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். அதிர்வில் மரை கழன்றுவிடாமல் இருக்க ஒரு பசை உண்டு. எங்கள் பட்டறையில் நீலம், சிவப்பு என்று இரண்டு வைத்திருக்கிறோம். நீலம் போட்டது ஸ்பானரை வைத்து ஓங்கித் திருகினால் வரும். சிவப்பு அப்படியில்லை. முக்கினாலும் முனகினாலும் வராது, போல்ட்தான் உடையும். நன்றாகச் சூடு காட்ட வேண்டும். அப்போது மரைக்குள் பசை இளகும், சத்தமில்லாமல் கழன்று வரும்.

குளிர் அறைக் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே வருவதற்காக உட்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். அதைத் திருகிக்கொண்டே போனால் கழன்று கையோடு வந்துவிடும், வெளித் தாழ்ப்பாள் பிடியை விட்டுவிடும். அந்த மூன்றாம் அறைக் குமிழ் கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற பொருளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. சனிக்கிழமை பனி உருக்குவதற்காகச் சாயங்காலம் வரை மெஷினை நிறுத்தியிருந்தார்கள். அறை சூடாக, ஈரமில்லாமல் இருந்தது. குமிழைக் கழற்றி, மரையைத் துடைத்து, பசை போட்டு இறுக்கினேன். எந்தப் பசை என்று கேட்பீர்கள். சிவப்பு.

உள்ளே அலாரம் இல்லையா என்று உங்கள் ஏட்டு கேட்டார். இருந்தது. போன வருஷமே கெட்டுப்போனது. நான் இரண்டுமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், வேண்டுமானால் பாருங்கள். என் மேல் அந்தக் குறை வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்கு விடுமுறை. பொறுப்பை ஒப்படைக்கும் முன் சரக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை மதியம் தனியாகப் போனார். அவர் எல்லாவற்றிலும் ஒழுங்கு. எந்த அறைக்கு எப்போது போவார் என்று எனக்கு அத்துப்படி.

ஐந்து மணிக்குத் தங்கச்சி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கத் தொடங்கினாள். "போனும் எடுக்க மாட்டேங்கிறாரு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன் அண்ணா." போனேன். அவர் போன் வெளியே மேஜை மேல் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் அறைக் கதவருகே நின்றேன். உள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. வேகமாக இல்லை. நான்கு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. கதவில் கையை வைத்துப் பார்த்தேன். ரப்பர் பட்டை நன்றாகப் பொருந்தியிருந்தது, ஒரு பொட்டுக் காற்றுகூடக் கசியவில்லை. திரும்பி வந்து, "அங்க ஆளையே காணோம்மா. சொல்லாம கொள்ளாம எங்கேயோ போயிருக்காரு. கொஞ்ச நாளா அவரு போக்கே சரியில்ல" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை காலையில் வேலையாட்கள் கதவைத் திறந்தார்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

குமிழ் ஏன் திரும்பவில்லை என்று பார்க்க நீங்கள் ஒரு ஃபிட்டரைக் கேட்டீர்கள். நான் ஒதுங்கி இருந்திருக்கலாம். ஆனால் இன்னொரு ஃபிட்டர் பைப் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் கை முரட்டுக் கை. மரையை நாசமாக்கியிருப்பான். எனக்கு மனசு வரவில்லை. சூடான காற்றடிக்கும் ஹீட் கன்னை எடுத்துக்கொண்டு நானே வந்தேன். குமிழைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சூடு காட்டி, "இப்ப வரும்" என்றேன். வந்தது. மரையெல்லாம் சிவப்புத் தூள். எந்த ஃபிட்டரும் முதலில் ஸ்பானரைப் போட்டுப் பார்ப்பான், வராவிட்டால்தான் சூடு. இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. நீங்கள் கேட்டதும் எனக்கு உங்கள் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஆமாம், ஐயா. நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை தங்கச்சி என்னைப் பார்க்க வந்தாள், நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். அவள் அழவில்லை. "அவரா என்னைக் கூட்டிட்டுப் போகப் பாத்தாரு? நான்தான் போயிடலாம்னு ஒத்தக்கால்ல நின்னேன். எனக்கு அந்த வீட்டுல மூச்சு முட்டுச்சு. 'உங்க அண்ணன் பாவம், தனியா விடக் கூடாது'ன்னு அவருதான் ஒரு வருஷமாத் தள்ளிப் போட்டுட்டே வந்தாரு" என்றாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவளாக இவ்வளவு பேசுகிறவள் இல்லை.

பேசி முடித்ததும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, தானே ஒரே திருகில் திறந்து குடித்தாள். மூடியைப் பேருக்கு வைத்துவிட்டு, பாட்டிலை மேஜையிலேயே மறந்து போய்விட்டாள்.

அதை நான் நன்றாக இறுக்கி வைத்திருக்கிறேன், ஐயா. நீங்கள் யாரும் தொட வேண்டாம். நாளைக்கு வந்து அவள் என்னிடம் கேட்பாள், நான்தான் திறந்து கொடுக்க வேண்டும்.