அளவு சரிதான்

சோமனூர் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்:

“நூறு பனியனுங்க. நெஞ்சுல ‘முருகா’ன்னு வர வேண்டிய எடத்துல ஆறு கேள்விக்குறி.”

“ஆறுமுகனுக்குக் கணக்காத்தான் இருக்குது. எப்படீங்க ஆச்சு?”

“எங்க கம்ப்யூட்டர்ல தமிழ் நல்லாத்தானுங்க தெரிஞ்சுது. பிரிண்டிங் யூனிட் கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணுனதும் எழுத்தெல்லாம் அப்படி மாறிப்போச்சு. அடிச்சவரு பீகார்க்காரரு, அவருக்குத் தமிழ் தெரியாது.”

“சாம்பிள் பார்த்து ஓகே சொன்னவருக்குத் தெரியுமில்லீங்க?”

“அது நான்தானுங்க. கழுத்துல இருந்து எத்தன இஞ்ச்னு டேப் வெச்சு அளந்தேன். சாயம் போகுதான்னு தேய்ச்சுப் பார்த்தேன். படிச்சுத்தான் பார்க்கலீங்க.”

“யாருக்குங்க அடிச்சது?”

“பழனிக்கு நடக்கற எங்க மாமனார் ஊர்க்காரங்களுக்கு. மாமனாரு அதையே போட்டுக்கிட்டு முன்னால நடக்கறாரு. போட்டோ வந்திருக்குது, பார்க்க முடியலீங்க.”

அன்று காலைதான் என் மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை அச்சகத்தில் காட்டினார்கள். நானும் பனியன் கம்பெனிக்காரன். காகிதத்தின் கனத்தை விரலால் தடவிப் பார்த்து, “பிரமாதம், அடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

என் ஊருக்கு இன்னும் நான்கு ஸ்டாப் இருந்தது. கண்டக்டரிடம் வயிற்றுவலி என்று சொல்லி அங்கேயே இறங்கினேன்.